மாட்டு வண்டிக்கே நாலு பிரிவு, காருக்கு இருக்காதா? ரேஸ் ரூல் யாரு எழுதுறாங்க, எப்படி எழுதுறாங்க

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. சென்னை தீவுத்திடலைச் சுத்தி ரோட்டையே ட்ராக்கா மாத்தி வச்சிருந்தாங்க, 3.5 கிலோமீட்டர், ஃபார்முலா 4 நைட் ரேஸ். மதியம் 12 மணிக்குள்ள எஃப்ஐஏ, அதாவது கார் ரேஸுக்கான உலக அமைப்பு, அவங்க சர்டிபிகேட்டை காட்டினாதான் ரேஸ்னு ஹைகோர்ட் சொல்லிருந்துச்சு. மழையால வேலை தள்ளிப்போச்சு, சர்டிபிகேட் வரல, கோர்ட்ல டைம் நீட்டிக் கேட்டு வாங்கினாங்க, டிவில ஸ்க்ரோலிங் ஓடிட்டே இருந்துச்சு, கடைசில சர்டிபிகேட் வந்து ராத்திரிதான் கார் சத்தமே கேட்டுச்சு.

அந்த கேப்ல எங்க சித்தப்பா பையன் போன் பண்ணான். "ஏண்ணே, ரோடு நம்மளுது, கவர்மென்ட் நம்மளுது, போலீஸ் நம்மளுது, இதுல பாரிஸ்ல இருக்குற ஒரு ஆபீஸ் ஓகே சொல்ற வரைக்கும் ஏன் உக்காந்திருக்கோம்?" நான் ரேஸ் வீக்கெண்ட்ல மார்ஷலா நிக்கிறவன், அதாவது கொடி ஆட்டுற ஆளு, அதனால இந்த மாதிரி கேள்வியெல்லாம் எனக்குத்தான் வரும். அன்னிக்கு போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதியை இங்க எழுதுறேன்.

முதல்ல காரை விடுங்க, மாட்டுல இருந்து ஆரம்பிப்போம். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை பக்கம் மாட்டு வண்டி பந்தயம் பாத்தவங்களுக்கு தெரியும், பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு பிரிச்சுதான் விடுவாங்க, ஓடுற தூரமும் ஒவ்வொண்ணுக்கும் வேற. பூஞ்சிட்டைக் கொண்டுபோய் பெரிய மாட்டோட விட்டா ஜெயிக்கப்போறது யாருன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், அப்புறம் எவன் வந்து வெயில்ல நின்னு பாப்பான். கபடில 55 கிலோ, 65 கிலோன்னு தராசுல ஏத்தி எறக்குறதும் இதே கதைதான். பிரிவு, கேட்டகரி, கிளாஸ், எப்படி வேணா சொல்லுங்க, "இதுக்குள்ள இருக்குறவங்க மட்டும் மோதிக்கங்க"ன்னு போடுற ஒரு கோடு அது.

ஊர் பந்தயத்துல அந்த கோட்டை விழா கமிட்டி போடும். ஒரு ஊர்ல நடு மாடுன்னு ஓடின ஜோடியை அடுத்த ஊர்ல இது பெரிய மாடுப்பான்னு நிறுத்தினா அங்கேயே சண்டைதான். ஒரு ஊரோட முடியுற விஷயம்னா பேசி தீத்துக்கலாம். ஆனா கோயம்புத்தூர்ல ஒரு ரவுண்டு, சென்னைல ரெண்டு ரவுண்டு, புள்ளியெல்லாம் கூட்டி கடைசில ஒருத்தனுக்கு "நேஷனல் சாம்பியன்"னு பட்டம் குடுக்கணும்னா கோடு எல்லா ஊர்லயும் ஒரே இடத்துல இருக்கணும். அதுக்குத்தான் நாட்டுக்கு ஒரு அமைப்பு.

கார் ரேஸுக்கு உலக அளவுல எஃப்ஐஏ, 1904ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. பைக்குக்கு எஃப்ஐஎம்னு தனியா ஒண்ணு இருக்கு. இவங்க வழக்கம் என்னன்னா ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு அமைப்பைத்தான் அங்கீகரிப்பாங்க. இந்தியாவுக்கு அது எஃப்எம்எஸ்சிஐ, 1971ல நாட்டுல இருந்த மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் சேர்ந்து ஆரம்பிச்ச ஃபெடரேஷன், தலைமை ஆபீஸ் நம்ம சென்னைலதான். கார், பைக் ரெண்டுக்கும் இங்க இவங்களேதான். நிறைய பேருக்கு இது டெல்லில இருக்குற ஏதோ கவர்மென்ட் டிபார்ட்மென்ட்னு நினைப்பு, அப்படி இல்ல.

ரேஸ் பேனரைப் பாத்தா இன்னொரு குழப்பம் வரும். டயர் கம்பெனி பேர் லாரி சைஸ்ல இருக்கும், அதுக்குக் கீழ நடத்துற கிளப் பேர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்குற இருங்காட்டுக்கோட்டை ட்ராக்னா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அப்புறம் எங்கயோ ஓரத்துல சின்னதா எஃப்எம்எஸ்சிஐ லோகோ. அதிகாரம் அப்படியே தலைகீழ். காசு போடுறது பெரிய எழுத்து, ட்ராக், ஆம்புலன்ஸ், எங்களை மாதிரி ஆளுங்கன்னு எல்லாத்தையும் ஏற்பாடு பண்றது நடு எழுத்து, இந்த ரேஸ் செல்லுமா செல்லாதான்னு சொல்றது அந்த சின்ன லோகோ.

சரி, சொன்னா ஏன் கேக்கணும்? இவங்ககிட்ட போலீஸ் கிடையாது, சட்டமும் கிடையாது. இருக்குறது ஒரே ஒரு ஆயுதம், லைசென்ஸ். ஓட்டுறவனுக்கு காம்பெடிஷன் லைசென்ஸ், ட்ராக்குக்கு லைசென்ஸ், அதிகாரியா நிக்கிறவங்களுக்கும் லைசென்ஸ். அங்கீகாரம் இல்லாத ரேஸ்ல போய் ஓட்டினா இந்த லைசென்ஸைப் புடுங்கலாம். நாளைக்கு வெளிநாட்டுல போய் ஓட்டணும்னு கனவு இருக்குற பையனுக்கு அந்த கார்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. தீவுத்திடல் விஷயத்துக்கும் இதுதான் பதில்: ரோடு நம்மளுதுதான், ஆனா "எஃப்ஐஏ சான்று பெற்ற ஃபார்முலா 4 சாம்பியன்ஷிப்"ங்கிற பேர் அவங்களுது, அந்தப் பேர் வேணும்னா ட்ராக்கையும் அவங்க பாத்து சரின்னு சொல்லணும். அந்தப் பேருக்கு என்ன மதிப்புன்னு பின்னாடி வரேன்.

இப்ப ரூல் புக். ஒரு புத்தகம் இல்ல, மாடி மேல மாடி. உச்சில எஃப்ஐஏவோட இன்டர்நேஷனல் ஸ்போர்ட்டிங் கோட். அதுக்கு வால் மாதிரி எழுத்து எழுத்தா அப்பெண்டிக்ஸ் இருக்கு, ஜேன்னா வண்டி, எல்னா லைசென்ஸ், ஹெல்மெட், ஓட்டுற ஒழுங்கு, எச்னா கொடி, மார்ஷல், ஆம்புலன்ஸ் சமாச்சாரம், ஓன்னா ட்ராக். அதுக்குக் கீழ நம்ம நாட்டு அமைப்போட பொது விதிகள், அதுக்குக் கீழ அந்தந்த சாம்பியன்ஷிப்புக்கு ஸ்போர்ட்டிங் ரெகுலேஷன், டெக்னிக்கல் ரெகுலேஷன்னு ரெண்டு. முதலாவது ரேஸ் எப்படி நடக்கும், புள்ளி எப்படி, தண்டனை என்னன்னு சொல்லும், ரெண்டாவது வண்டி எப்படி இருக்கணும்னு சொல்லும். எல்லாத்துக்கும் கீழ ஒவ்வொரு வீக்கெண்டுக்கும் தனியா சப்ளிமெண்டரி ரெகுலேஷன், பசங்க பேச்சுல எஸ்ஆர். எத்தனை லேப், எத்தனை மணிக்கு ஸ்க்ரூட்டினி, அதாவது வண்டி சோதனை, என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு, எல்லாம் அதுல. அப்புறமும் ஏதாவது மாறினா புல்லட்டின்னு ஒரு பக்கம் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. கீழ் மாடி எழுதுற எதுவும் மேல் மாடியை முறிக்கக்கூடாது. புதுசா வர்ற பசங்க எஸ்ஆர மட்டும் வாட்ஸாப்ல வாங்கி படிச்சுட்டு வந்துடுவாங்க, அதுல ஹெல்மெட் பத்தி ஒரு வரிதான் இருக்கும், அந்த வரி இன்னொரு புக்கைக் கைகாட்டும், அதைப் பாக்காம பழைய ஹெல்மெட்டோட வந்து சனிக்கிழமை காலைல வெளிய நிப்பாங்க.

ஒரு கேட்டகரி எப்படிப் பொறக்குதுன்னு பாக்க எனக்குப் புடிச்ச உதாரணம் ஃபார்முலா மாருதி. அந்தக் காலத்துல ரேஸ்னா சோழவரம், பழைய ஏர்ஸ்ட்ரிப். காசு இருக்குறவங்க வெளிநாட்டுல இருந்து கார் எறக்குவாங்க, விஜய் மல்லையா என்சைன்னு ஒரு பழைய எஃப்1 காரையே கொண்டாந்து ஓட்டினாரு. பாக்க செமயா இருந்திருக்கும், ஆனா பக்கத்துல லேத்துல தட்டி செஞ்ச காரோட நிக்கிறவனுக்கு என்ன சான்ஸ்? பெரிய மாடும் பூஞ்சிட்டும் கதைதான். கோயம்புத்தூர் கரிவரதன் அங்க ஓட்டினவரு, கார் கட்டினவரும்கூட. 1988ல அவரு பண்ணது என்னன்னா, மாருதி 800 இன்ஜினை எடுத்து, வெறும் 796 சிசி, சின்னதா ஒரே ஆள் உக்கார்ற ரேஸ் கார், சிங்கிள் சீட்டர், கட்டினாரு. இன்ஜின் ஊருக்கு ஊர் கிடைக்கும், பார்ட்ஸ் எந்தக் கடைலயும் கிடைக்கும், எல்லார் காரும் ஒண்ணு. நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது அந்த காருலதான், ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்ல, அதே இருங்காட்டுக்கோட்டைதான், முதல் ரேஸ்லயே போடியம் ஏறிட்டாரு, அதாவது முதல் மூணு இடத்துக்குள்ள. அதே ஆளு 2005ல எஃப்1 ஓட்டின முதல் இந்தியர். கரிவரதன் அதைப் பாக்க இல்ல, 1995ல விமான விபத்துல போயிட்டாரு, கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே அவரு பேருதான்.

இங்க கவனிக்க வேண்டியது, கேட்டகரி ரூல் எழுதுறவங்க உண்மையில முடிவு பண்றது "எதுல போட்டி இருக்கணும், எதுல இருக்கக்கூடாது"ன்னு. எல்லாருக்கும் ஒரே காருன்னு எழுதிட்டா கார் டிசைன்ல போட்டி கட், ஓட்டுறதுல மட்டும் போட்டி. ஒரே டயருன்னு எழுதிட்டா டயர்ல காசை எறிஞ்சு ஜெயிக்கிற வழி அடைஞ்சுது, ஸ்பான்சர் பண்ற டயர் கம்பெனிக்கும் சந்தோஷம், அதையும் சொல்லித்தான ஆகணும். இன்னிக்கு ஓடுற ஃபார்முலா எல்ஜிபியும் இதே வழிலதான், மாருதியோட 1300 சிசி இன்ஜின், எல்லாருக்கும் ஒரே மாதிரி சேஸிஸ், அதாவது காரோட எலும்புக்கூடு, எல்ஜிபிங்கிறது கோயம்புத்தூர் செயின் கம்பெனி பேரு. இன்னொரு பக்கம் டூரிங் கார்னு வச்சா ரோட்டுல ஓடுற காரைத்தான் எடுத்துக்கணும், ஆனா இன்ஜின்ல வேலை பண்ண கொஞ்சம் இடம் குடுப்பாங்க, அங்க ட்யூனரும் போட்டில இருக்காரு. பைக்ல ஸ்டாக், ப்ரோ ஸ்டாக்னு இருக்கே, அதுவும் எவ்வளவு கை வைக்கலாம்ங்கிற கணக்குதான். புதுசா ஓட்ட வர்றவங்களுக்கு நோவிஸ்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது வண்டிக்கு கோடு போடல, ஆளுக்குப் போட்டது. இந்தியன் ரேசிங் லீக்ல ஒவ்வொரு டீம்லயும் ஒரு பெண் டிரைவர் கட்டாயம்னு எழுதிருக்காங்க, அதுவும் ஒரு ரூல்தான், எழுதலன்னா எத்தனை டீம் தானா சேத்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் மூணாவது வந்தப்ப எங்க குரூப்ல ஒரே சண்டை, மூணாவதுன்னா மொத்தத்துல மூணாவதான்னு. இல்ல, அவங்க கிளாஸ்ல மூணாவது. ஒரே ட்ராக்ல ஒரே நேரத்துல நாலஞ்சு கிளாஸ் ஓடும், வேற கிளாஸ்ல ஓடுற வேகமான ஜிடி3 கார் உங்களைத் தாண்டிப் போயிட்டே இருக்கும், அது உங்க போட்டியே கிடையாது. இதைச் சொன்னதுக்கு என்னை அஜித் எதிரின்னு ரெண்டு பேர் பிளாக் பண்ணிட்டாங்க.

இப்ப அந்த ஃபார்முலா 4. ரூலை மேல இருந்து எழுதிக் குடுத்து நாட்டு அமைப்பு நடத்துற கேட்டகரிக்கு இதுதான் நல்ல உதாரணம். கோ-கார்ட்ல இருந்து வெளிய வர்ற பசங்களுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் வேற வேற ஃபார்முலா இருந்துச்சு, செலவு எகிறிட்டே போச்சு, யாரு யாரைவிட நல்லா ஓட்டுறாங்கன்னு ஒப்பிடவும் முடியல. எஃப்ஐஏல கெர்ஹார்ட் பெர்கர், பழைய எஃப்1 டிரைவர்தான், அவரு முன்னாடி நின்னு ஒரே அச்சுல இதைக் கொண்டாந்தாரு, 2014ல இத்தாலில தொடங்குச்சு. முதல் தலைமுறை ரூல்ல பவர் 160 குதிரைத்திறன் அளவுல கட்டுப்படுத்தி இருந்துச்சு, ஒரு இன்ஜின் 10,000 கிலோமீட்டர் தாங்கணும்னு எழுதிருந்தாங்க. யோசிச்சுப் பாத்தா அது இன்ஜின் ரூல் மாதிரி இருக்கும், ஆனா அப்பா பர்ஸைக் காப்பாத்துற ரூல். ரெண்டாம் தலைமுறை கார்ல டிரைவர் தலைக்கு மேல ஹேலோன்னு ஒரு பாதுகாப்பு வளையம் வந்துச்சு. இந்தியால 2023ல தொடங்குனதுல மைகேல்னு பிரெஞ்சு கம்பெனி சேஸிஸ். ஓட்ட குறைஞ்சது 15 வயசு. சாம்பியன்ஷிப் ஜெயிச்சா, எஃப்1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 12 புள்ளி, அந்த லைசென்ஸுக்கு மூணு வருஷத்துல 40 புள்ளி வேணும். பேருக்கு மதிப்புன்னு மேல சொன்னேன்ல, இந்த 12தான் அது. சர்டிபிகேட் இல்லாம அதே காரை அதே ரோட்டுல ஓட்டிருந்தா கைதட்டல் கிடைச்சிருக்கும், புள்ளி கிடைச்சிருக்காது.

புதுசா படிக்கிறவங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு. டெக்னிக்கல் ரெகுலேஷனைப் படிச்சுட்டு "இதைப் பண்ணக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"ன்னு தேடுவாங்க. தேட வேண்டியது தலைகீழா. ரோட்டு வண்டியை வச்சு நடத்துற கிளாஸ்ல பண்ணலாம்னு எழுதாதது எதுவும் பண்ணக்கூடாது. எக்ஸாஸ்ட் மாத்தலாம்னு இருந்தா மாத்துங்க, இல்லன்னா கம்பெனில இருந்து வந்தது அப்படியே இருக்கணும். கம்பெனில இருந்து எப்படி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் ஹோமோலொகேஷன் பேப்பர், போர் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவு, வால்வு எத்தனை மில்லிமீட்டர்னு போட்டோவோட இருக்குற ஜாதகம். ஒரு ஸ்பெஷல் வண்டியை பத்து பீஸ் மட்டும் செஞ்சு "இதுவும் ரோட்டு வண்டிதான்"னு கொண்டாந்துடக்கூடாதுன்னு குரூப் என்னு ரோட்டு வண்டிக்கான பழைய கிளாஸ்ல 12 மாசத்துல 2,500 வண்டி தயாரிச்சிருக்கணும்னு வச்சிருந்தாங்க.

எடைக்கு வரேன், இதை நேர்ல பாத்தேன். இருங்காட்டுக்கோட்டை, வெயில் மண்டையைப் பொளக்குது, ஃபார்முலா கார் ரேஸ் முடிஞ்சு முதல் மூணு காரும் பார்க் ஃபெர்மேக்குள்ள, அதாவது சோதனை முடியுற வரைக்கும் காரை நிறுத்துற இடத்துக்குள்ள, வந்து நின்னுச்சு. அங்க டீம் ஆளுங்க யாரும் காரைத் தொடக்கூடாது. ரெண்டாவது வந்த பையன் காரோட சேத்து தராசுல ஏறினான், குறைஞ்சபட்ச எடைக்கு ஒன்றரை கிலோ கம்மி. மறுபடி ஏத்தினாங்க, அதேதான். என்ன ஆச்சுன்னா டீம்ல காலைல எடை பாத்து கச்சிதமா ஈயத்தட்டு போல்ட் பண்ணிருக்காங்க, பத்து கிராம் எக்ஸ்ட்ரா இல்லாம. வெயில்ல ஓவரால் போட்டு ஓட்டினவன் வேர்த்தே ஒன்றரை ரெண்டு கிலோ எறங்குவான்னு கணக்குல வைக்கல. எஃப்1லயே கொடி விழுந்த பிறகு ட்ராக் ஓரத்துல கிடக்குற ரப்பர் துண்டு மேல வேணும்னே ஏத்தி டயர்ல ஒட்டிக்கிட்டு வருவாங்க, எடைக்கு. இவன் சின்னப் பையன், கையில தண்ணி பாட்டில், தராசுக்கு முன்னாடி குடிக்கக்கூடாதுன்னு சொன்னதால மூடியைக்கூடத் திறக்காம நிக்கிறான்.

அந்தப் பையனோட அப்பா ஸ்டூவர்டுகிட்ட, அதாவது ரேஸ் நடுவர்கிட்ட, கேட்டாரு, கோவமாக்கூட இல்ல, கெஞ்சலா: "ஒன்றரை கிலோல என்ன சார் வேகம் கூடிடப்போகுது?" ஸ்டூவர்ட் ஒண்ணும் வாதாடல, இன்டர்நேஷனல் ஸ்போர்ட்டிங் கோட் புக்ல ஒரு வரியைக் காட்டினாரு. வண்டி டெக்னிக்கல் ரூலுக்குப் பொருந்தலன்னா, அதனால எந்த லாபமும் கிடைக்கலன்னு சொல்றது எப்பவும் சாக்கா எடுத்துக்கப்படாதுன்னு எழுதிருக்கு. எப்பவும்னு. டிஸ்குவாலிஃபை.

எனக்கு அன்னிக்கு மனசு கேக்கல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, லாபம் இருந்துச்சா இல்லையான்னு ஒரு தடவை பேச ஆரம்பிச்சா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோர்ட்டுதான் நடக்கும், காசு இருக்குற டீம் எக்ஸ்பர்ட்டைக் கூட்டிட்டு வந்து நிரூபிச்சுட்டுப் போயிடும், இந்த அப்பா மாதிரி ஆளுங்கதான் தோப்பாங்க. தராசு யாரோட எக்ஸ்பர்ட்டையும் கேக்காது.

ரூல் மாத்துறது எப்படின்னு கேட்டா, கார் ரேஸ், ராலி, பைக், கார்ட்டிங்னு ஒவ்வொண்ணுக்கும் கமிஷன் மாதிரி ஒரு குழு இருக்கும், அங்க வரைவு போடுவாங்க, கவுன்சில்ல ஓகே ஆகணும், பிறகு சீசனுக்கு முன்னாடி வெளிவரும். மேசைல யாரு யாரெல்லாம் காது கிட்ட பேசுவாங்கன்னு நினைக்கிறீங்க, தயாரிப்பாளர், புரமோட்டர், டீம் ஓனர், எல்லாரும்தான். என் அபிப்பிராயம், ஓட்டுற பசங்க குரல்தான் அங்க ரொம்ப மெல்லிசா கேக்குது, அவங்க அப்பாக்கள் குரல் சுத்தமா கேக்கல. சீசன் நடுவுல திடீர்னு இன்ஜின் ரூல் மாத்தினா காசு போட்டு வண்டி கட்டினவன் செத்தான், அதனால அதுக்கெல்லாம் முன்கூட்டியே அவகாசம் குடுக்கணும்ங்கிறது பொதுவான முறை. பாதுகாப்புக்குன்னா மட்டும் அவகாசம் தேவையில்ல, இன்னிக்கு எழுதி நாளைக்கே அமல் பண்ணலாம்.

அந்த மாதிரி ரூலுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு சாவு இருக்கும். எஃப்ஐஎம் 2021ல சின்னப் பசங்க அடுத்தடுத்து இறந்த பிறகுதான் பைக் கிராண்ட் பிரி ஓட்டுற குறைஞ்சபட்ச வயசை 18க்கு ஏத்துச்சு, 2023ல இருந்து. அதே 2023 ஆகஸ்ட்ல நம்ம மெட்ராஸ் சர்க்யூட்ல, இருங்காட்டுக்கோட்டைலதான், 13 வயசு பெங்களூரு பையன் ஒருத்தன் பைக் ரேஸ்ல விழுந்து போயிட்டான். வயசு ரூல் எங்க கோடு போடணும்னு இப்பவும் எங்களுக்குள்ள பேசுறோம். சின்ன வயசுலயே ஆரம்பிச்சாதான் உலக அளவுக்குப் போக முடியும்னு ஒரு பக்கம், அந்த வயசுப் பையனுக்கு இந்த வேகம் எதுக்குன்னு இன்னொரு பக்கம். நான் ரெண்டாவது பக்கம்.

அடுத்த தடவை இருங்காட்டுக்கோட்டையோ செட்டிபாளையமோ போனீங்கன்னா, போடியத்துல ஷாம்பெய்ன் பீச்சினதும் பார்க்கிங்குக்கு ஓடிடாதீங்க. நோட்டீஸ் போர்டு எங்க இருக்குன்னு கேட்டு அங்க போய் நில்லுங்க. ரிசல்ட் பேப்பர் ஒட்டுவாங்க, மேல "ப்ரொவிஷனல்"னு போட்டிருக்கும், பக்கத்துல எத்தனை மணிக்கு ஒட்டினாங்கன்னு நேரமும் இருக்கும். அந்த நேரத்துல இருந்து 30 நிமிஷம், அதுக்குள்ள எந்த டீமும் டெபாசிட் பணம் கட்டி புரோட்டஸ்ட், அதாவது ரிசல்ட்டை எதிர்த்து புகார், குடுக்கலாம், குடுத்தா அங்கேயே ஷெட்டுல ஒரு இன்ஜினைப் பிரிச்சு வெர்னியர் வச்சு அளக்குறதை வெளிய இருந்து எட்டிப் பாக்கலாம். டிராஃபியை ஏற்கனவே கையில வச்சிருக்குறவன் அந்த அரை மணி நேரம் போன் பாக்குற மாதிரியே நடிச்சுட்டு உக்காந்திருப்பான்.